உள் லைட்டுக்குச் சொன்ன ஓம்

போன மாதம் நம் ஊர் வாகன மின்வேலைக்காரர் சங்கத்திலிருந்து மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் வந்த வான் வாசலில் நின்றபடியே நிறம் மாறிக்கொண்டிருந்தது. கூரையில் நீலம், கால் வைக்கும் இடத்தில் ஊதா, கதவைத் திறந்தால் பச்சை. கைபேசியை அழுத்தி அழுத்தி எனக்குக் காட்டினார்கள். லைட்டெல்லாம் இப்போது பட்டியாக வருகிறது. முதுகில் பசை இருக்கிறது. உரித்து ஒட்டி, வயரின் நுனியைச் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினால் எரிகிறது. இதற்கு மின்வேலைக்காரன் எதற்கு என்று கேட்க வாய் வந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

கல்முனைப் பக்கத்தில் முதன்முதலாகக் காருக்குள் எல்.ஈ.டி. லைட் போட்ட ஆள் நான்தானாம். ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, பேர் பொறித்த பலகை ஒன்று தரப்போகிறார்களாம். மலருக்கு ஒரு கட்டுரையும் வேண்டுமாம்.

"பழைய அனுபவத்தக் கொஞ்சம் எழுதித் தாங்க காக்கா. இப்ப வாற புள்ளயளுக்குப் பிரயோசனமா இரிக்கும்" என்றார் தலைவர்.

முதல் ஆள் நான்தான். அதில் பொய்யில்லை. ஆனால் அந்த முதல் கார் என்ன ஆனது என்று வந்த மூவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பொன்னாடை என்ற பேச்சை எடுத்திருக்க மாட்டார்கள். கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். சுகமாக எதையாவது வாசிக்க நினைப்பவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போகலாம்.

எழுபதுகளின் கடைசியில் மீராசா பாஸின் கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். பரீட்சையில் கோட்டை விட்டவர்களுக்கு அப்போது இரண்டு வழிதான் இருந்தது, வயல் அல்லது சவூதி. எனக்கு வயலில் உடம்பு வணங்கவில்லை. சவூதிக்கு அனுப்ப வாப்பாவுக்கு வசதியில்லை. அதனால் வயர். முதல் நான்கு வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பழைய வயரின் உறையை உரித்தேன், பெட்டரிக்குத் தண்ணீர் விட்டேன், ஏச்சு வாங்கினேன்.

மீராசா பாஸைப் பற்றி எழுத இருக்கிறது. அம்பாறையில் பெரிய இயந்திரங்களோடு மல்லுக்கட்டிப் பழகிய மனிதர். அங்கே ஒரு லொறியிலிருந்து விழுந்ததில் வலது முழங்கால் மடங்காது. பனியனும் மடித்துக் கட்டிய சாரமுமாக ஒரு மரப்பெட்டியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். யாரையும் பாராட்டியதை நான் கேட்டதில்லை. நாம் போட்ட வயர் மூட்டு அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் திட்டமாட்டார். குறட்டால் அதை நறுக்கி எடுத்து, நம் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவார். நான் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது சில நாட்களில் நாலைந்து துண்டுகள் விழும். உம்மா ஒரு நாள் கேட்டா: "என்னடா மனே இது, சம்பளமா?"

அவருக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. புதுச் சாமான் எதைப் போட்டாலும் பழையதைக் கழற்றக்கூடாது என்பது ஒன்று. இரண்டாவது, வேலை முடிந்த காரைப் பரிசோதிக்கும் முறை. இந்த முறைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

வேலை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஒரு ஹோன் வயரை மாற்றினாலும், காரிலுள்ள எல்லா மின்சாமான்களையும் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே கார் வெளியே போகும். பாஸ் சாரதி ஆசனத்தில் ஏறி உட்காருவார். காலை மடக்க முடியாததால் ஏறுவதற்கே ஒரு பாடுபடுவார். ஏறிவிட்டால் கடைசிவரை இறங்கமாட்டார். அவருடைய கண் மீற்றர் முள்ளில் மட்டும் இருக்கும். ஒரு பல்பு எரிந்தால் முள் எவ்வளவு அசையவேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெளியே ஒருவன் நிற்பான். லைட்டைக் கண்ணால் பார்ப்பது அவன் பொறுப்பு.

"பெரிய லைட்?"

"ஓம்!"

"சின்ன லைட்?"

"ஓம்!"

இப்படி ஒவ்வொன்றாகப் போகும். எரியாவிட்டால் பேசாமல் நிற்கவேண்டும், அவ்வளவுதான். 'ஓம்' வராவிட்டால் அவர் அடுத்த சுவிச்சுக்குப் போகமாட்டார். கடைத்தெருவில் எங்கள் சத்தம் கேட்டு, "மீராசா பாஸ்ட கராஜில கலிமா சொல்லிக் குடுக்காங்க" என்று பகிடி பண்ணுவார்கள். ஐந்தாவது வருடத்திலிருந்து 'ஓம்' சொல்லும் ஆள் நான்தான். ஒரு பட்டம் கிடைத்த மாதிரி எனக்கு அப்போது பெருமை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் என் மச்சான் சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்தார். அங்கே ரேடியோ திருத்தும் கடையில் வேலை. எல்லோருக்கும் சேலையும் சென்ற் போத்தலும் கொண்டுவந்தவர், எனக்கு ஒரு பொலித்தீன் பையைத் தந்தார். உள்ளே முந்நூறு வரையில் சின்னச் சிவப்பு எல்.ஈ.டி. லைட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால்கள், ஒன்று நெட்டை, ஒன்று கட்டை.

"நெட்டைக் கால் பிளஸ், கட்டைக் கால் மைனஸ். மாறிக் குடுத்தா எரியாது. பல்பு மாதிரி இல்ல மச்சான், இதுல கரன்ற் ஒரு பக்கம்தான் போகும்" என்று சொல்லித் தந்தார். நேரே பெட்டரியில் கொடுத்தால் கருகிவிடும் என்பதால், நான்கை வரிசையாகக் கோர்த்து இடையில் கரன்றைக் குறைக்கும் ஒரு சின்னத் துண்டையும் வைக்கவேண்டும். அவர் விடுமுறை முடிந்து போகுமுன் நான் அதில் கைதேர்ந்துவிட்டேன்.

மறுநாளே கராஜுக்குக் கொண்டுபோய் பாஸிடம் எரித்துக் காட்டினேன். வயரை மாற்றிக் கொடுத்து, எரியாமல் போவதையும் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒரு பக்கம் மட்டும் பாக்கிற லைட்டா? மாப்பிள்ள வீட்டாக்கள் மாதிரி" என்றுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

எனக்குச் சுருக்கென்றது. கல்முனையில் வேறு எந்தப் பாஸுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், இந்தக் கிழவன் பகிடி பண்ணுகிறான் என்று மனதுக்குள் ஏசினேன். இதை நன்றாகக் கவனியுங்கள். அந்தக் கராஜில் அந்த லைட்டின் குணம் கைப்பழக்கமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்; பாஸ் ஒருமுறை கண்டதோடு சரி.

அந்தக் காலத்தில்தான் பாதைகளில் சென்ரிகள், துவக்கோடு நின்று வாகனங்களைச் சோதிக்கும் காவலரண்கள், முளைத்தன. இருட்டுப்படும் நேரத்தில் சென்ரியை நெருங்கும் எந்த வாகனமும் பெரிய லைட்டை அணைத்து, உள் லைட்டைப் போட்டு, நடக்கிற வேகத்தில் வரவேண்டும். உள்ளே இருக்கும் முகங்கள் தெரியவேண்டும். அதுவரை காரின் உள் லைட் எரிகிறதா என்று யாரும் கவலைப்பட்டதில்லை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை முகம் தெரிவதற்கு மட்டும் வந்து போட்டுக்கொண்டு போவார்கள். இப்போது எல்லாரும் ஓடி வந்தார்கள். மூன்று மாதங்களில் நான் போட்ட உள் லைட்டுகளுக்குக் கணக்கில்லை. எல்லாம் பல்புகள்தான்.

சின்னத்தம்பி அண்ணன் வந்தது அந்த நாட்களில்தான். வீரமுனைக்காரர். சொந்தமாக ஒரு பழைய ஏ ஃபோர்ட்டி கார் வைத்து ஹயர் ஓடினார். சவளக்கடை, சம்மாந்துறை, கல்முனை என்று நெல்லுக்காரரையும் நோயாளிகளையும் ஏற்றி இறக்குவார். மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும் அந்தக் காரை நம்பித்தான் இருந்தார்கள். கராஜுக்கு வந்தால் பாஸுக்கு வெற்றிலை தராமல் போகமாட்டார்.

"தம்பி பாவா, உள் லைட்டப் போட்டுக்கொண்டு சென்ரி வரிசையில அரை மணித்தியாலம் நிண்டா பெட்டரி செத்துப்போகுது. மறுகா நாலு பேரக் கூப்பிட்டுத் தள்ள வேண்டிக்கிடக்கு. அந்த இடத்தில காரத் தள்ளப் பயமா இரிக்குதடா."

எனக்கு வேறென்ன வேண்டும்? எல்.ஈ.டி. பெட்டரியைத் தின்னாது. இருபது லைட்டை ஒரு சின்னப் பலகையில் பதித்து, நான்கு நான்காக ஐந்து வரிசை கோர்த்து, ஈயம் பற்றவைத்து, கூரையின் நடுவில் பூட்டினேன். சுவிச்சை ஸ்டியரிங்குக்குக் கீழே வலது பக்கத்தில் வைத்தேன். அந்தக் காலத்து ஏ ஃபோர்ட்டியில் பெட்டரியின் பிளஸ் முனைதான் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். பின்னால் வந்த கார்களில் மைனஸ் சேர்ந்திருக்கும். அதையெல்லாம் யோசித்து நெட்டைக் காலை உடம்புப் பக்கம் கொடுத்தேன். சரியான வேலைதான். இன்றைக்கும் அதில் ஒரு பிழை சொல்லமுடியாது.

ஒன்றைத் தவிர. கூரையில் இருந்த பழைய பல்பையும் அதன் கூட்டையும் கழற்றி எறிந்தேன். அது இருந்தால் என் பலகை வடிவாக உட்காரவில்லை.

பாஸ் வந்து எட்டிப் பார்த்தார். "புதுசு போட வேணாமெண்டு நான் செல்லல்ல. பழையத ஏன் கழட்டின?"

"இடமில்ல பாஸ். இது பத்து வருசத்துக்குச் சாகாது."

அவர் தன் மரப்பெட்டிக்குத் திரும்பிப் போனார். என் சட்டைப் பைக்குள் எதுவும் போடவில்லை. நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

இருட்டில் அந்தக் கார் உள்ளே சிவந்து போவதைப் பார்க்கச் சனம் நின்றது. குண்டுமணி லைட் என்று பேர் வைத்தார்கள். சென்ரியில் நிற்பவர்களுக்கும் அந்தக் கார் பழகிப்போனது. சிவப்பைத் தூரத்தில் கண்டதும் கையைக் காட்டி விட்டுவிடுகிறார்கள் என்று சின்னத்தம்பி அண்ணன் வந்து சொல்லிச் சிரித்தார். வேறு ஆட்களும் வந்து, "வீரமுனையான்ட காருக்குப் போட்டது எங்களுக்கும் வேணும்" என்று கேட்டார்கள். என்னைக் குண்டுமணிப் பாவா என்று கூப்பிடத் தொடங்கியது அப்போதுதான். எனக்குக் கல்யாணமும் பேசி முடிந்திருந்தது. பெண்வீட்டார் கராஜைத் தாண்டிப் போகும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன்.

ஆறேழு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சின்னத்தம்பி அண்ணன் ஒரு கசட் செற்றோடு வந்தார். கோயில் திருவிழா வருகிறது, சாமிப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடவேண்டும் என்றார். காரை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனார்.

கசட் செற் புதிய கார்களுக்கென்று செய்தது. மைனஸ் முனை உடம்போடு சேர்ந்த காரில்தான் வேலை செய்யும். ஆகவே காரையே திருப்பவேண்டும். இது எல்லாராலும் முடிகிற காரியமல்ல. செய்யத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் மீராசா பாஸ் ஒருவர்தான். பெட்டரியைக் கழற்றித் திருப்பி வைத்தார். முனைகள் ஒன்று தடிப்பு, மற்றது மெல்லிசு என்பதால் கிளிப்புகளையும் மாற்றினார். கொயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்றினார். மீற்றரின் வயர்களையும் மாற்றினார். கடைசியில் டைனமோ. பெட்டரியிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் சின்ன முனையில் ஒரு கணம் தொட்டு எடுக்கவேண்டும். பொறி பறக்கும். அந்த ஒரு தொடுகையில் டைனமோ தன் திசையை மாற்றிக்கொள்ளும். கூடத் தொட்டால் எரிந்துவிடும். பாஸ் கண்ணை மூடிக்கொண்டு பிஸ்மி சொல்லித் தொட்டார்.

அந்தத் தொடுகையை நான் செய்கிறேன் என்று காலையிலேயே கேட்டிருந்தேன். "பாத்துக்கிட்டு நில்லு" என்றுவிட்டார். ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்றேன். எட்டு வருடம் வேலை செய்தவன், ஊரில் பேர் எடுத்தவன், ஸ்பானர் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

பரிசோதனை தொடங்கியபோது ஜும்ஆவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பாஸ் ஏறி உட்கார்ந்தார். பெரிய லைட், ஓம். சின்ன லைட், ஓம். நான் பின்னால் போனேன். பின் லைட், ஓம். பிறேக், ஓம். சிக்னல், ஓம். அங்கேயே நின்றுவிட்டேன்.

"உள் லைட்?"

உச்சி வெயில். அந்தச் சின்னச் சிவப்பு லைட் எரிகிறதா என்று பார்க்க, கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கையால் வெயிலை மறைத்துப் பார்க்கவேண்டும். நான் போட்ட லைட். பத்து வருடத்துக்குச் சாகாத லைட். திருப்பிய காரில் அது எரியாது என்று முதலில் நினைக்கவேண்டிய ஒருவன் உண்டென்றால், அந்த இடத்தில் அந்த ஒருவன் நான். அது என் நினைவுக்கே வரவில்லை. கோபம்தான் இருந்தது.

"ஓம்!" என்றேன்.

ஒரு பல்பாக இருந்தால் மீற்றர் முள் அசையாததைக் கண்டு பாஸ் பிடித்திருப்பார். எல்.ஈ.டி. எரிந்தாலும் முள் அசையாது. அது அவருக்குத் தெரியும், நானே சொல்லிக் காட்டிய பெருமை. ஆகவே அவரிடம் இருந்தது என் ஓம் மட்டும்தான். சுவிச்சை அணைத்துவிட்டு இறங்கினார். நான் கைகழுவிப் பள்ளிக்குப் போய், அப்படியே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். சின்னத்தம்பி அண்ணன் பின்னேரம் வந்து பாஸிடம் காரை எடுத்துப் போனார்.

அன்றைக்கு அவர் சவளக்கடையில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு மஃரிப் நேரத்தில், இருட்டுப்பட, தனியே திரும்பினார். எந்தச் சென்ரி என்று எழுதக் கை வரவில்லை. பெரிய லைட்டை அணைத்தார். வேகத்தைக் குறைத்தார். வலது கையைக் கீழே விட்டுச் சுவிச்சைப் போட்டார். எரியவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பவும் போட்டார். சிவப்பாக வரவேண்டிய கார் இருட்டாக வருகிறது. சாரதியின் முகம் தெரியவில்லை. கை கீழே எதையோ தேடுகிறது. ஒரு துவக்கு வெடி.

வலது தோளுக்குக் கீழே பட்டது. உயிர் தப்பியது. கை தப்பவில்லை. வெட்டி எடுக்கவில்லை என்பதுதான் மிச்சம். விரல்கள் மடங்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாட்டுச் சத்தத்தில் சென்ரியில் நின்றவர்கள் கத்தியது கேட்டிருக்காது, அதனால்தான் சுட்டிருப்பார்கள் என்று ஒரு கதையை வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அதையும் அவர் வைக்கவிடவில்லை.

"பாட்டுக் கூடப் போடல்ல தம்பி. கோயில்ல வச்சு முதல்ல போடுவமெண்டு இருந்தன். சுவிச்ச ரெண்டு தரம் போட்டன். ஏன் எரியல்ல?"

எனக்குத் தெரியும், ஏன் என்று. வாசலிலேயே தெரிந்துவிட்டது. தோடம்பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன்.

நாலைந்து நாள் கழித்து அவருடைய தம்பிமார் இரண்டு பேர் உழவு மெஷினில் கயிறு கட்டிக் காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கராஜ் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மூத்தவர் காருக்குள் கையை விட்டு என் பலகையைக் காட்டினார்.

"இந்த லைட்டப் போட்டது ஆரு?"

கூட்டத்தில் பெண்வீட்டுக்காரர் ஒருவரும் நின்றார்.

பாஸ் பெட்டியிலிருந்து எழும்பினார். "லைட்டுல பிழையில்ல. பெட்டரியத் திருப்பினது நான். திருப்பினா அந்த லைட் எரியாது."

"பாத்துக் குடுக்கிறல்லியா பாஸ்? நீங்க பாக்காமக் குடுக்கிற ஆளில்லயே!"

பாஸ் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் சொல்வதற்குத் தேவையான நேரம் நிச்சயமாகத் தந்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பாக்கல்ல" என்றார் பாஸ்.

மூத்தவர் கயிற்றை அவிழ்த்தார். இளையவர் காறித் துப்பிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் நான் அந்தக் காருக்குள் ஏறி, பலகையின் இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுத்தேன். இருபது லைட்டும் எரிந்தன. ஒன்றுகூடப் பழுதாகியிருக்கவில்லை. இரண்டு நிமிட வேலை.

காலம் கெட்டுக்கொண்டிருந்த காலம். தமிழாக்களும் முஸ்லிமாக்களும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கிய காலம். ஒரு மாதத்துக்குள் கதை வேறு உருவம் எடுத்தது. மீராசா பாஸ் தமிழன்ட காரை வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்தாராம். வீரமுனையிலிருந்தும் காரைதீவிலிருந்தும் வந்த கார்கள் நின்றுபோயின. நம்மாட்களில் சிலர் அதற்காகவே அவரைத் தட்டிக்கொடுத்தார்கள். அந்தத் தட்டலை அவர் தாங்கிய விதத்தை நான் பார்த்தேன். கையை எடுத்துவிட்டு, எழும்பி, உள்ளே போனார்.

என்னிடம் அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. வேலையை விட்டும் நிற்பாட்டவில்லை. ஆனால் அடுத்த கார் பரிசோதனைக்கு வந்தபோது, நான் வழக்கம்போல முன்னால் போய் நின்றேன். பாஸ் ஏறினார். பெரிய லைட்டைப் போட்டார். கேட்கவில்லை. மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்து, கதவைப் பிடித்து இறங்கி, முன்னால் நடந்து வந்து, என் பக்கத்தில் நின்று லைட்டைப் பார்த்தார். திரும்பப் போய் ஏறினார். சின்ன லைட்டைப் போட்டார். திரும்பவும் இறங்கினார். பிறேக் மிதிக்கு மட்டும் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார். ஒரு காருக்கு எட்டு முறை. நான் கைகட்டி நின்றேன். என்னைப் போகவும் சொல்லவில்லை, பார்க்கவும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் இப்படி. அறுபதை நெருங்கிய மனிதர். சில நாட்களில் வலியில் முனகுவது கேட்கும். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஊர் முழுக்கச் சொல்லியிருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கிழவன் அந்த வசதியை எனக்குத் தரவில்லை. இதற்காக அவரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் என்னை என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்ததும் பெண்வீட்டார் தந்த வீட்டின் முன்பக்கத்தில் சொந்தமாகக் கராஜ் போட்டேன். பேர் இருந்ததால் வேலையும் வந்தது. பாஸ் அடுத்த வருடமே மவுத்தானார். ஜனாஸாவுக்கு நெருக்கமான சனம் மட்டும்தான். ஒரு காலத்தில் அவருடைய வாசலில் தமிழ்ச் சாரதிகள் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கு ஒருவரும் வரவில்லை.

மண் போட்டுவிட்டு வந்த மறுநாள், இனியும் இதை வைத்திருக்கக்கூடாது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வீரமுனைக்குப் போனேன். சங்கத்துத் தம்பிமாரே, உங்கள் பலகையில் என் பேரைப் பொறிக்க முதல் இந்த இடத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

சின்னத்தம்பி அண்ணன் முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே கதிரையில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. கார் எப்போதோ விற்றாகிவிட்டது. மனைவி பக்கத்து அரிசி மில்லில் நெல் காயப்போடப் போயிருந்தா. என்னைக் கண்டதும் எழும்ப வந்தார். இருங்க அண்ணன் என்று பிடித்து இருத்தினேன். அவருடைய இரண்டாவது பெண் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள்.

"பாஸ் மவுத்தாயிட்டார் அண்ணன்."

"கேள்விப்பட்டன்." இடது கையால் வலது கையை மடியில் நேராக்கி வைத்தார். "செத்த மனிசனப் பத்திக் கதைக்கப்படாது. ஆனா தம்பி, எத்தின வருசம் அந்தாளுக்கிட்டப் போனன். ஒரு லைட்டப் பாத்துக் குடுக்க ஏலாமப் போச்சே. எங்கிட ஆக்கள் வேணுமெண்டு செஞ்சதெண்டு செல்றாங்க. நான் நம்பல்ல. இப்பவும் நம்பல்ல. எண்டாலும் இரவு நித்திரை வராட்டி அந்த நினைப்பு வருது."

"அண்ணன், நான் ஒண்டு செல்லத்தான் வந்த…"

அவர் இடது கையைத் தூக்கி என்னை நிற்பாட்டினார். என்னைத் தேற்றுவதற்காக.

"நீ என்னத்துக்குக் கவலப்படுறாய்? உன்ட லைட் நல்ல லைட். அரை வருசம் ஒரு கரைச்சல் தரல்ல. அண்டைக்கு நீ கராஜில இல்லத்தானே? நான் கார் எடுக்க வரக்க உன்னக் காணல்ல. நீ நிண்டிருந்தாப் பாத்திருப்பாய். நிண்டியா நீ? இல்லத்தானே தம்பி?"

வேப்பம்பூ ஒன்று அவருடைய செத்த கையின் மேல் விழுந்து கிடந்தது. அவருக்குத் தெரியவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் அண்ணன்" என்றேன். "நான் இல்ல."

"எனக்குத் தெரியுமே" என்று சொல்லி, இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

எடுத்துக் குடித்தேன்.